செருப்பு பிடித்து வைத்த இடம்

கனகலட்சுமிக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது பாதிப் பொய். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே ஒடிக்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அலற வேண்டும், எல்லாம் அத்துப்படி. மற்ற பெண்கள் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே தேறிவிட்டதால், அவள் கண்ணுக்கு மட்டும் தனியாக லைசன்ஸ் கொடுத்துவிடலாம். சீட்டில்தான் இன்னும் உட்காரவில்லை.

வண்டி கிரேசி அக்காவுடையது. வடக்குப்பட்டில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்குச் சமைக்கிறவர். சாயங்காலம் காய்கறியோடு திரும்பியதும் சாவியைப் பெண்களிடம் வீசிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஹாஸ்டலுக்குப் பின்னால் கம்பெனி வரப்போகிறது என்று போட்ட ரோடு ஒன்று உண்டு. கம்பெனி வரவில்லை. ரோடு மட்டும் விமானம் இறங்குகிற அகலத்தில் கிடந்தது. அதில் ரவுண்டானா வரை போய்த் திரும்பினால் ஓர் ஆளுக்கு ஒரு ரவுண்டு. லைட் கம்பத்தடியில் வரிசை. அதற்கு ஒரே சட்டம்: நிற்கிறவளுக்குத்தான் வண்டி. நகர்ந்தால் இடம் போச்சு, திரும்பி வந்தால் வரிசையின் வால்.

நல்ல சட்டம்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மற்றவர்கள் பகல் ஷிப்ட் முடித்து, வேனிலிருந்து குதித்து நேராகக் கம்பத்தடிக்கு ஓடி வருவார்கள். கனகலட்சுமிக்கு, காருக்கு ஒயரிங் செய்கிற கம்பெனியில் எப்போதும் மாலை ஷிப்ட். சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு, கம்பெனி ஷூவும் மாட்டிக்கொண்டு வந்து வாலில் நிற்பாள். வரிசை நகரும். முன்னால் ஒருத்திதான் பாக்கி என்கிற நேரத்தில் 'பாம்ம்ம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டு அவள் கம்பெனி வேன் வந்து நிற்கும். டிரைவர் அந்தோணிராஜுக்கு அவள் ஜாதகத்தை யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் மறுபடியும் வால். ஞாயிற்றுக்கிழமையாவது பிடிக்கலாம் என்றால், ஸ்கூட்டி கிரேசி அக்காவோடு சர்ச்சுக்குப் போய்விடும்.

ஊரிலிருந்து அண்ணன் இசக்கிபாண்டி போனில் சிரித்தான்.

"ஏட்டி, போன பொங்கல்லேருந்து படிக்கேன் படிக்கேங்க. நீ மட்டும் ஸ்கூட்டி ஓட்டிட்டன்னு வையி, நான் மீசைய எடுத்துருதேன்!"

லேசுப்பட்ட மீசை இல்லை. அதன் நிழலில் நாலு ஆடு படுக்கலாம்.

"சொல்லிட்டல்லா? சொல்லு மாறக்கூடாது" என்று போனை வைத்தாள். வைத்த சூட்டோடு கிரேசி அக்கா ஒரு குண்டைப் போட்டார்.

"தோ பாருங்கடி, அடுத்த மாசம் எம் புள்ள வில்சன் இந்த வண்டிய தாம்பரம் காலேஜுக்கு எடுத்துகினு பூடுவான். கத்துக்கிறவங்க இப்பவே கத்துக்குங்க."

அன்றும் ஒருத்தி பாக்கி இருக்கும்போது ஹாரன். கனகலட்சுமி வேனுக்குப் போகாமல் அப்படியே நின்று கத்தினாள்.

"எனக்கு எப்பதாம்ளா வரும் முறை?"

"நின்னா வரும்டி" என்றாள் ஷாலின். மணிமங்கலத்துக்காரி, அந்தச் சட்டத்தைத் தன் கையாலேயே செதுக்கியவள் போலப் பேசுவாள். "நாங்கல்லாம் நின்னுதான ஓட்றோம்?"

"நிக்கவளுக்கு வரும், சரி. நிக்க முடியாம தெனமும் வந்து வந்து போறவளுக்கு? இப்படியே நான் கெழவியாகி வந்து நின்னாலும், சட்டப்படி எல்லாம் சரின்னுதான் சொல்லுவீய!"

ஷாலின் தன் இடத்தில் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

கனகலட்சுமி ஹாஸ்டலுக்குள் ஓடி, தன் நீலச் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து, நின்ற இடத்தில் டப்பென்று வைத்தாள். "நான் போறேன். இது நிக்கும்!" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. செருப்புச் சட்டம் பிறந்துவிட்டது.

மறுநாள் நடந்ததுதான் கூத்து. செருப்பே நிற்குமென்றால் கால் எதற்கு? ஆளாளுக்கு ஒரு செருப்பை வைத்துவிட்டு டீக்கடைக்கும் கட்டிலுக்கும் போய்விட்டார்கள். கிரேசி அக்கா வந்து பார்த்தால், கம்பத்திலிருந்து ஒரகடம் மேம்பாலம் வரைக்கும் செருப்பு. ஒரு மனிதப் பிறவி இல்லை.

"இன்னாங்கடி இது? செருப்புங்களா வண்டி ஓட்டப் போவுது?"

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். வரிசையில் முதல் செருப்பு, முந்தின நாள் கனகலட்சுமிக்கு முன்னால் ரவுண்டு கிடைக்காமல் நின்ற வேல்விழியுடையது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டலாமா கூடாதா என்று அடித்துக்கொண்டதிலேயே நேரம் போய்விட்டது. யாருக்கும் ரவுண்டு இல்லை. அன்றைக்கும் 'பாம்ம்ம்'.

"செருப்பும் வோணாம், ஒண்ணும் வோணாம், பழையபடியே நிக்கலாம்" என்றாள் ஷாலின்.

கனகலட்சுமி வேனில் ஒரு காலை வைத்தபடியே யோசித்துக் கத்தினாள்:

"அக்கா! ஆளு இல்லன்னா தாண்டிப் போங்க, வண்டி சும்மா நிக்கக்கூடாது. ஆனா செருப்ப வாலுக்குத் தள்ளாதிய. அது முன்னாலேயே நிக்கட்டும். அந்த ஆளு எப்ப வந்தாலும் அடுத்த ரவுண்டு அவளுக்கு!"

கிரேசி அக்கா கரண்டியால் காற்றில் ஒரு கோடு போட்டார். "கரீட்டா கீது. இதான் சட்டம். இஸ்டம் இல்லாதவ பஸ்ல போய்க் கத்துக்கோ."

மறுநாள் கனகலட்சுமி டப்பாவும் கையுமாக வந்தபோது, வரிசையின் தலையில் அவளுடைய நீலச் செருப்பு மகாராணி மாதிரி காத்திருந்தது. ரவுண்டானாவிலிருந்து திரும்பிய வண்டியை ஷாலினே பிடித்துக் கொடுத்தாள். "ஏறுடி. உழுந்தா நான் சிரிப்பேன், சொல்லிட்டேன்."

விழுந்தாள். ஷாலின் சிரித்தாள். அடுத்த நாள் கோணல்மாணலாகப் போனாள். அவள் போன தடத்தைப் பார்த்தால் பாம்பே வெட்கப்படும். ஆனால் ஒருநாளும் ஹாரன் அவளுடைய முறையைத் தின்னவில்லை. முந்தின நாள் தப்பினால் மறுநாள் தலையில் நின்றது.

வில்சன் வண்டியை எடுத்துப் போவதற்கு முந்தின சாயங்காலம், ஹெல்மெட்டும் மாட்டி, பின்சீட்டில் கிரேசி அக்காவை ஏற்றிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக ரவுண்டானாவைச் சுற்றி வந்தாள். அப்போது பின்னால் அதே 'பாம்ம்ம்'. அவள் ஒதுங்கவில்லை. நடு ரோட்டில் யானை மேல் போகிறவள் போலப் போனாள்.

அந்தோணிராஜ் ஜன்னலில் தலையை நீட்டினார். "யம்மா, வயி வுடும்மா! டைமாவுது!"

"லைன்ல வாங்கண்ணே!" என்று திரும்பாமல் கத்தினாள் கனகலட்சுமி.

கம்பம் வரைக்கும் வேன் அவளுக்குப் பின்னால் வாலாக வந்தது. வேல்விழி மொத்தத்தையும் கனகலட்சுமியின் போனில் வீடியோ எடுத்து இசக்கிபாண்டிக்கு அனுப்பினாள். பொழுது விடிந்ததும் அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது. மூக்குக்குக் கீழே துண்டு சுற்றியிருந்தான்.

"எண்ணே, துண்ட எடு."

"சளிட்டி."

"எடுண்ணே!"

எடுத்தான். ஹாஸ்டலில் கிளம்பிய கூச்சலுக்கு, தூரத்து வல்லம் வடகாலில் ஏதோ ஒரு கம்பெனி, சங்கு ஊதிவிட்டதென்று ஷிப்ட் மாற்றியிருக்கும்.