ரபியாகப் போனவன் மேல் எனக்கிருந்த எரிச்சல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே குழாய், பூட்டு திருத்தும் பராமரிப்பாளன், அங்கத்தைய பேச்சில் வக்மெஸ்தர், ஒரு யூதன். ஐம்பதை நெருங்கியவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, வேலையை விட்டு லண்டனுக்குப் போய் ரபியாகப் படிக்கப்போவதாகச் சொன்னான். ரபி என்றால் அவர்களுடைய மதகுரு.

"உன் அப்பாவும் ரபியா?" என்று கேட்டேன்.

"அவர் கடையில் சப்பாத்து, செருப்பு விற்றவர்," என்று சிரித்தான். "இது பரம்பரை இல்லை. படித்தால் போதும்."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். நான் இலங்கையில், மூதூரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார். பாட்டைப் படிக்க எனக்குத் தீராத ஆசை. ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் கோயிலில் கடைசி வரிசையில் இருந்து வாய்க்குள் முணுமுணுத்தேனே தவிர, நான் படிக்கட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதெல்லாம் பிறப்பிலேயே வரவேண்டும் என்று என்னைத் தேற்றி வைத்திருந்தேன். அந்தத் தேறுதலையும் அவன் கெடுத்துவிட்டான்.

அவன் கொதிகலன் அறைச் சுவரில் எபிரேய எழுத்துகளை ஒட்டி வைத்து, சத்தமாகப் படிப்பான். நான் வேண்டுமென்றே வாளியை இழுத்துச் சத்தம் போடுவேன்.

"அவன் படிச்சா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் மனைவி.

ஒரு திங்கட்கிழமை அவன், தங்கள் தொழுகையில் வேதம் படித்தபோது பிழை விட்டதாகவும் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தித் திருத்தியதாகவும் சொன்னான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"வெட்கமாக இல்லையா?"

"அதுதான் முறை. பிழையைக் கேட்டவன் சும்மா இருக்கக்கூடாது. நான் அந்தச் சொல்லைத் திரும்பப் படிக்கவேண்டும்."

கத்தித் திருத்த அவனுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்பதிலும் எனக்குப் பொறாமை வந்தது.

இலையுதிர் காலத்துக்கு முன் அவன் போய்விட்டான். அந்த வருடப் புராணப் படிப்பில், வழமையாகப் படிப்பவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"நான் படிக்கிறன்," என்று எழுந்தேன்.

"நீரோ?" என்றார் அவர். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் லேசில் வராது. பயத்தில் அதை வலிந்து வரவழைத்ததில், இறைவன் அருள் அளித்தான் என்ற இடத்தில் "அழித்தான்" என்று படித்துவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் எழுந்தது. "அழிக்கேல்லையப்பா, அளிச்சவர்! திரும்பப் படியுங்கோ!"

"வீட்டிலயும் இப்பிடித்தானோ அண்ணை?" என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது.

திரும்பப் படித்தேன். பாட்டு முடிந்ததும், வழமையாகப் படிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத்துக்குக் கை நீட்டினார். நான் பார்க்காததுபோல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.