மரியதாஸ் அண்ணை கேட்ட பனி

அன்று காலை, என்னை வேலைக்கு ஏற்றிப்போகிற மரியதாஸ் அண்ணையின் வான் வரவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் தெரு மூலையிலுள்ள தெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வாசலில் வழக்கம்போல நின்றேன். இரவு முழுவதும் பனி கொட்டியிருந்ததால் பிந்துகிறார் என்று நினைத்தேன். கடைசியில் அம்மாதான் வந்தார்.

"மரியதாஸ் மோசம் போயிட்டாராம் பிள்ளை. வானை எடுக்க ஸ்னோ வழிச்சுக்கொண்டு நிண்டவராம். அப்பிடியே விழுந்து உயிர் போயிட்டுதாம்."

நான் "ஓம்" என்றேன். வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். பனி உருகித் தரை நனைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட எனக்குக் கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை எடுத்துத் தந்தவர் அவர். அவருக்கு வயலில் வேலை, எனக்குக் கண்ணாடி வீட்டில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வானில் அவர் கதைப்பார், நான் ஓம் போடுவேன். இறங்கும்போது, "இண்டைக்குக் கனக்கக் கதைச்சுப்போட்டாய், தொண்டை நோகப்போகுது" என்பார்.

நாங்கள் வளர்ப்பது குளிர்காலக் கோதுமை. செப்டெம்பரில் விதைத்தால் புல்லாக முளைத்து, பனிக்குக் கீழே உறங்கி, அடுத்த கோடையில் விளையும். பனி மூடாத வயலில் மழை பெய்து உறைந்தால் செத்துவிடும். இரண்டு வருடம் அப்படித்தான் செத்தது. இந்த முறையும் செத்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். "குளிர் கொல்லாது பிள்ளை. போர்வை இல்லாத குளிர்தான் கொல்லும்" என்று அண்ணை, இந்தக் குளிர்காலம் தொடங்கியும் பனி விழாத வயலைப் பார்த்தபடி ஒருநாள் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நடந்தது எங்கள் கோயிலுக்கு வருகிற உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்ப் பூசையில் மன்றாட்டு நேரம் அண்ணை எழும்பி, "இந்த ஊரில் நிறையப் பனி கொட்ட வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார். எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதிலைக் கோயிலில் ஒருவரும் சொல்லவில்லை. பூசை வைத்த சுவாமி மட்டும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்.

பூசை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உமக்கென்ன விசரோ? விடியக் காலமை நான் பஸ்ஸுக்கு நிண்டு விறைக்கிறன், நீர் ஸ்னோ கேக்கிறீர்!"

"உம்மட பஸ்ஸுக்கு ஹீற்றர் இருக்கு. என்ர கோதுமைக்கு என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்.

அவருடைய அடக்கத்தன்று எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "கேட்டுத்தானே வாங்கினவர்." அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் தலை அசையவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

பிறகு வேலைக்குப் பஸ்ஸில் போனேன். பேராசிரியரும் நானும் பனியை விலக்கி, உறைந்த மண்ணைக் கட்டிகளாக வெட்டிக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வயலில் பயிர் உயிரோடு இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். மண் இளகியதும் கருகிய இலைகளை வெட்டினேன். காலையில் போய்ப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. தரையைக் கூட்டுவேன். ஒருநாள் வெட்டிய இடத்தில் வெளிர்ப்பச்சையாக முனைகள் நின்றன. பேராசிரியர் என் தோளில் தட்டினார். நான் மற்றத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, முளைச்சிருக்கு."

"எல்லாமோ?"

"எல்லாம் இல்லை. கனக்க."

"அப்ப, அந்த மனுசன் கேட்டது வீண்போகேல்லை" என்றார்.

ஆனால் குளிர்காலம் இன்னும் முடியவில்லை. பனி முந்திக் கரைந்து, ஈரம் மறுபடி உறைந்தால், வயலில் இருப்பதும் செத்துவிடும். அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த மன்றாட்டு ஒன்றுதான். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசையில் எழும்பி, பனி இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கட்டும் என்று கேட்கப் போகிறேன். கோயிலில் என் குரலை நீங்கள் கேட்டதில்லை. மெல்லத்தான் வரும். பதில் சொல்ல உங்களுக்கு மனம் வராவிட்டால் பரவாயில்லை. பிலோமினா அக்கா சொல்லுவார்.