கொசுவலைக்குள் ஒரு பெண்

ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன் நான். பம்பாயில் ஓட்டல் எச்சில் தட்டு கழுவி, பிளாட்பாரத்தில் படுத்து, மஞ்சள்காமாலையோடு, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் கோவிந்தாபுரத்துக்குத் திரும்பினேன். கொண்டுவந்தது கொஞ்சம் இந்தி மட்டும். எழுபதுகளின் நடுவில் அதற்கும் ஒரு வேலை வந்தது.

பாலக்காட்டு திரைப்படக் கழகத்து இளைஞர்கள் சிலர் புரொஜக்டரோடு வந்து வாசகசாலை முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். இந்திப் படம். பேச்சைத் தமிழில் சொல்ல என்னைத் திரையோரம் நிறுத்தினார்கள்.

முன்வரிசையில் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை வயதுக்கு வந்ததும் அம்மா அவள் படிப்பை நிறுத்தியிருந்தார். அப்பா இல்லாத வீடு. கொல்லங்கோட்டுப் பள்ளிக்குத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயம். இந்த வாரமும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாக டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். நான் பேசிப் பார்த்தேன்.

"ஓடிப்போனவன் பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசறயா?" என்றார் அம்மா.

படத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. அவள் கட்டிலுக்கு மேலே மீன்கள் நீந்தின. கிணறு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒருநாள் வீட்டார் சோளக்காட்டு நடுவில் கொசுவலை கட்டி அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"பேச்சே இல்லீங்க" என்றேன்.

"பேச்சு என்னத்துக்குங்கறேன்?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. "புள்ள பெரிய மனுசி ஆயிட்டா. குச்சு கட்டி உக்கார வச்சிருக்காங்க."

எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் அவள் தனித்திருக்கப் பச்சை ஓலையில் குச்சு என்ற சிறு குடிசை கட்டுவான். சீர் சடங்கன்று அதைப் பிரித்து எரித்துவிட்டு, குளித்த பெண்ணை வீட்டுக்குள் அழைப்பார்கள்.

"ஓலை கெடைக்காத ஊராட்ட இருக்குது. கொசுவலையில கட்டிப்புட்டாங்க" என்றார் அத்தை.

"ஏந்தம்பி, தாய்மாமன் எங்க? நீ சொல்லவே இல்லியே?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"படத்துல மாமனே இல்லீங்க."

"மாமனில்லாம அதென்ன சீரு!"

முற்றமே சிரித்தது. கழகத்து இளைஞர்களும் சிரித்துவிட்டார்கள்.

திரையில் சோளம் அறுத்தார்கள். மழை பெய்தது. மறுபடி விதைத்தார்கள். வலை அழுக்கேறிக் கறுத்தது. பெண் உள்ளேயே இருந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இன்னுமா பிரிக்கல?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"குச்சு கட்டறதே பிரிக்கறதுக்குத்தான? பெத்தவளுக்கு அறிவு வேண்டாம்?"

தங்கை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வலை காற்றில் ஆட, படம் முடிந்தது.

"அவ்வளவுதானா? அந்தப் புள்ள வெளிய வரலியா?"

"காட்டலம்மா."

மறுநாள் காலையில் அம்மா தங்கைக்குத் தலை பின்னிவிட்டார். எதையும் மாமாவைக் கேட்டே செய்பவர், அன்று அவருக்கு ஆள் அனுப்பவில்லை, என்னையும் கேட்கவில்லை. மூவரும் கொல்லங்கோட்டு பஸ் ஏறினோம்.

இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை என்று டீச்சர் மலையாளத்தில் கேட்டார்.

"குச்சு கட்டியிருந்தமுங்க டீச்சர்" என்றார் அம்மா.

அது முடிந்து இரண்டு மாதமாயிற்றே என்றார் டீச்சர்.

"நேத்துத்தானுங்க பிரிச்சோம்."

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து குறித்துக்கொண்டார். பிறகு தங்கையை வகுப்புக்குப் போகச் சொன்னார். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

அந்த வாரமே நான் இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கிளம்பினேன். அவள் இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருந்தது; அதற்குப் பணம் வேண்டும்.