கச்சான் காற்றும் கம்பளித் தொப்பியும்

நமுனுகுல மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் எங்களுக்குக் காற்று என்றாலே குளிர்தான். எழுபதுகளில் ஓர் ஆடி மாதம், கணவரோடும் எட்டு மாத மகளோடும் கடல் பார்க்க மட்டக்களப்புக்குப் போனேன். கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. உடனே பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் மாட்டிப் போர்வையால் சுற்றினேன்.

“புள்ளைக்கு வேர்க்குது பாரு, கழட்டிவிடு” என்றார் கணவர்.

“காத்து அடிக்குதுங்க, சளி புடிச்சிட்டா?” என்று சண்டைக்குப் போனேன்.

பிள்ளை அழுதாள்; பிறகு அடங்கிவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து, அவளைத் தோளில் போட்டபடி அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தேன்.

மீன் வாங்க வந்த ஓர் அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தார். பிள்ளையின் முகம் கன்றிச் சிவந்து, தலை துவண்டு கிடந்தது.

“இது கச்சான் காத்து மகள், நெருப்பு மாதிரிச் சுடும்! எல்லாத்தையும் கழட்டு!” என்று கத்தியபடி பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈரத் துணியால் உடம்பைத் துடைக்கத் துடைக்க, வெகு நேரம் கழித்துத்தான் அவள் முனகினாள். பிறகு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

மேற்கேயிருந்து வீசும் கச்சான் எங்கள் மலையைத் தாண்டித்தான் அங்கே வருகிறதாம்; கீழே இறங்க இறங்கக் காய்ந்து சூடாகிவிடுமாம். அந்த அம்மா சொன்னார். எங்களைக் குளிரில் நடுங்க வைக்கிற அதே காற்று.

அவளுக்குப் பிறகு பிறந்த இருவருக்கும் நான் காற்றைப் பார்த்து உடுப்பு மாட்டியதில்லை. முதலில் பிள்ளையின் பிடரியில் கை வைத்து, சுடுகிறதா குளிர்கிறதா என்று பார்ப்பேன்.