ஏரிக்கரைக்குப் பின்னால் வைத்த ஆண்டெனா

மணி மாடிப்படி ஏறி வந்தபோது நான் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், வயல் வேலைக்குப் போகிறவர். பின்னால் தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

"சார், இந்தக் கம்பிய எடுத்துடுங்க. இதுலேருந்து கதிரு வருதாம். எம் பொண்டாட்டி முழுகாம கீறா. ஏற்கெனவே ரெண்டு தங்கல."

உத்திரமேரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த காதர் பாயின் மொட்டை மாடி அது. நாங்கள் அங்கே பாஸிவ் ரேடார் சோதனை செய்துகொண்டிருந்தோம். மற்ற ரேடார் தானே சிக்னலை அனுப்பும். எங்களுடையது எதையும் அனுப்பாது. சென்னையில் அப்போது சோதனையாக ஓடிய டிஜிட்டல் டிவி சிக்னல், விமானத்தில் பட்டுச் சிதறி வருவதைப் பிடிக்கும். இரண்டு ஆண்டெனா. ஒன்று சென்னைக் கோபுரத்திலிருந்து நேர் சிக்னலை வாங்கும், இன்னொன்று வானத்திலிருந்து எதிரொலியை வாங்கும். இரண்டையும் ஒப்பிட்டு, விமானம் எங்கே போகிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. விமானம் கண்ணெதிரே போகும், திரையில் வெறும் இரைச்சல். நேர் சிக்னல் இரண்டாவது ஆண்டெனாவுக்குள்ளும் புகுந்து எதிரொலியை அமுக்கிவிட்டது. "ஆய்வுக் கமிட்டி வரப்போகுது. திரையில ஒரு விமானத்தையாவது காட்டு, இல்லேன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க" என்று என் அதிகாரி போனில் சொல்லியிருந்தார்.

"இதுலேருந்து எதுவும் வெளியே வராதுங்க. உங்க வீட்டு டிவி ஆண்டெனா மாதிரிதான்" என்றேன் மணியிடம்.

"அப்பிடித்தான் சொல்லுவீங்க. அவ தூங்கறதே இல்ல சார்."

காதர் பாய் தன் வீட்டு டிவியைத் தூக்கி வந்தார். எங்கள் ஆண்டெனாவில் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. "பாத்துக்கினீங்களா? டிவி கம்பிதாம்பா. இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜார்?" என்றார். தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

மணி போகவில்லை. அவரோடு நானும் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"படம் வந்திச்சுன்னு சொன்னாங்க சார். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா கண்ண மூடுனா அந்தக் கம்பி எங்க வூட்டயே பாத்துக்கினு கீற மாதிரி கீது."

ஆண்டெனாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டு அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"யாரோ பயந்தா சைட்டை மாத்துவியா? போலீஸ்ல சொல்லுய்யா!"

"மாசமா இருக்கிற பொண்ணு சார். மாத்திடறேன்."

"கமிட்டிக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்று வைத்துவிட்டார்.

மணியே தான் வேலை செய்த நிலத்துக்காரரிடம் பேசி, ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டகையை வாங்கிக் கொடுத்தார். சாமான்களை டிராக்டரில் ஏற்றிப் போனோம். நேர் சிக்னல் ஆண்டெனாவுக்கு உயரம் வேண்டும் என்பதால் அதைக் கரைமேல் நட்டேன். மற்றதற்குக் கரையில் இடம் இல்லை. கீழே, கொட்டகை ஓரமாக நட்டேன்.

மறுநாள் மதியம் திரையில் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. முதலில் கேபிள் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. சென்னைப் பக்கத்திலிருந்து வரும் நேர் சிக்னல் கீழே இருந்த ஆண்டெனாவுக்குள் புகாமல் மண்கரை தடுத்துவிட்டது. உயரம், உயரம் என்றே அலைந்த எனக்கு இது தோன்றவேயில்லை.

"சார், அதோ போவுது!" என்று வெளியிலிருந்து மணி கத்தினார். திரையில் ஒரு புள்ளி. அது நகர்ந்தது. விமானம் மறையும்வரை நகர்ந்துகொண்டே இருந்தது. அன்று மணி என்னைக் கொட்டகைக்குள் உட்காரவைத்துத் தன் தூக்குச் சோற்றில் பாதியைக் கொடுத்தார்.

கமிட்டி வந்து பார்த்தது. ப்ராஜெக்ட் பிழைத்தது. அதிகாரி என் தோளில் தட்டிவிட்டுப் போனார், போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் கழித்துக் குழந்தையோடு கொட்டகைக்கு வந்தாள். ஆண்டெனாவைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்கி நீங்க மாத்தலன்னா, இதுக்கு எதுனா ஆயிருந்தா உங்க கம்பியாலதான்னு சாவுற வரைக்கும் நெனச்சிக்கினு இருந்திருப்பேன் சார்."

புதிதாகக் களப்பணிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். பயந்து நிற்கிறவருக்கு அது போதாது. நகர்த்த முடிந்தால் நகர்த்திவிடுங்கள்.