பதினோரு மணி வீடு

சுடர்விழிக்கு ஒன்பது வருடமாக இதுதான் வேலை: புகார் வந்த வீடுகளுக்குப் போய், குழந்தை அங்கே பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது. எழுதியதை உடனே அனுப்பமாட்டாள். ஒரு நாள் மேசையில் போட்டுவைத்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படிப்பாள். மூன்றாம் வருடம் அவசரத்தில் எழுதிய ஒரு பக்கத்தால் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு குழந்தைகள் இல்லங்களுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

அந்த மே மாதம் மேசையில் கிடந்தது வானதி என்ற சிறுமியைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை. ஒன்பது வயது. குடவாசல் பக்கத்துக் கிராமம். அம்மா இல்லை. அப்பா சிங்காரவேலு விவசாயக் கூலி. 'மூன்று முறை சென்றும் தந்தை இல்லை. வீடு பூட்டியிருந்தது. குழந்தை பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.' வியாழக்கிழமை குழந்தைகள் நலக் குழு கூடும். இந்தக் காகிதம் போனால் மகள் ஓரிடம், அப்பா ஓரிடம்.

இணைப்பில் மூன்று புகைப்படங்கள். பூட்டிய கதவு. படியில் சுடர்விழியின் நிழல், மூன்றிலும் ஒரே நீளம். கீழே நேரம்: 11.12, 11.09, 11.15. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தால் அந்த நேரம்தான் ஆகும். போர்செட் தண்ணீர் பாயும் வயல்களில் நடவு நடக்கும்போது பதினோரு மணிக்கு எந்தக் கூலிக்காரர் வீட்டில் இருப்பார்?

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நின்றாள்.

கதவு திறந்திருந்தது. சிங்காரவேலு மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெதுவாப்பா. நாத்து பறிக்கிற மாதிரி பறிக்கிற."

"ஆடாம இருடி."

சுடர்விழி தான் யாரென்று சொன்னதும் சீப்பு நின்றது. "பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லீங்க. பாக்கத்தான் வந்தேன். நீங்க பின்னுங்க."

பின்னி முடித்ததும் சோற்று டப்பாவையும் சாவியையும் பக்கத்து வீட்டு அமிர்தத்திடம் கொடுத்தார். "வாய்க்கால் பக்கம் விடாதீங்கக்கா. ஒரு மணிக்கு வந்துருவேன்."

"தெனமும் இதே பாட்டு. எனக்கே மனப்பாடம்."

அவர் போன பிறகு சுடர்விழி அமிர்தத்திடம் கேட்டாள்: "நான் மூணு தடவ வந்தப்ப இதெல்லாம் சொல்லவே இல்லையேக்கா?"

"அப்பா இருக்காரான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். வேற என்னத்தக் கேட்டீங்க?"

புது அறிக்கையின் முதல் வரி இது: 'முந்தைய மூன்று வருகைகளும் தந்தையின் வேலை நேரத்தில் நடந்தவை. அது என் தவறு.' குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "உங்க மேலயே புகார் எழுதியிருக்கீங்களேம்மா" என்றார். சிரித்தபடியே, பிள்ளை அப்பாவிடம் இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். சுடர்விழி முடிவைச் சொன்னாள். சிங்காரவேலு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஸ்கூல் பையெல்லாம் வாங்கிடலாங்களா?" என்றார். "பிள்ளை போயிட்டா, அத வீட்ல வச்சுக்கிட்டு எப்படிப் பாக்குறதுன்னு வாங்காம இருந்தேன்."

"இன்னைக்கே வாங்குங்க."

வானதி அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.