கட்டைவிரலுக்கு எட்டும் பட்டை

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. 5.05க்கு எழுந்தேன். தண்ணீர் விடும் நாள்; ஆறு குடம், ஒரு டிரம் நிரப்பினேன். 6.40க்கு இட்லி. 7.15க்கு எதிர்வீட்டுப் பெண் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். 8.10 பேருந்தில் நான் சிவகாசி அச்சகத்துக்குப் போனேன்.

அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் டைரிப் பக்கங்களை வடிவமைத்தேன். நான்கு ஆண்டுகளாக இணையப் பக்கங்கள். இப்போது கையில் இருந்தது, ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர் சேர்ந்து கொடுத்த ஆர்டர்: பட்டாசுத் தொழிலாளர்கள் போனில் படிப்பதற்கான பாதுகாப்புக் கையேடு. பதினைந்து பகுதிகள் கொண்ட ஒரே நீளக் கட்டுரை. புதன் காலை ஒன்பது மணிக்குள் வெளியிட வேண்டும்.

முதலில் நானும் தவறாகத்தான் செய்தேன். எங்கள் ஊர் டைரியில் சாமி படம், முதலாளி படம், வாழ்த்து, விடுமுறைப் பட்டியல் எல்லாம் வந்த பிறகுதான் ஜனவரி ஒன்று வரும். அந்தப் பழக்கத்தில் கையேட்டிலும் வாழ்த்துரைகளை முன்னால் வைத்தேன். பகுதிகளின் பட்டியலை, மேல் மூலையில் தொட்டால் மட்டுமே விரியும் மூன்று கோட்டுக் குறிக்குள் அடக்கினேன். பார்க்க வெகு சுத்தமாக இருந்தது.

போன வாரம், வேனுக்குக் காத்திருந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் என் போனைக் கொடுத்து, “தீப்பட்டா என்ன செய்யணும்னு இதுல எடு” என்றேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மறு கையின் கட்டைவிரலால் தள்ளினாள், தள்ளினாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. நான்காவது வாழ்த்துரையில் இருந்தபோது வேன் வந்துவிட்டது. மூன்று கோட்டை அவள் தொடவே இல்லை.

“அம்புட்டு நேரமும் தீயக் கையில வச்சிக்கிட்டு இதத் தள்ளிக்கிட்டே இருக்கவாக்கா?” என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

அன்றே எல்லாவற்றையும் கலைத்தேன். வாழ்த்துரைகள் கடைசிக்குப் போயின. எவ்வளவு தூரம் தள்ளினாலும் திரையின் அடியில் நகராமல் நிற்கும் ஒரு பட்டை வைத்தேன். அதில் மூன்று பொத்தான்கள்: தீக்காயம், தலைப்புகள், விட்ட இடம். மூன்றாவதற்குக் காரணம் உண்டு. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். காலை வேனில் பாதி படித்தவள் மாலை வேனில்தான் மீதியைப் படிக்க முடியும். அவள் மறுபடி முதலிலிருந்து தேடக் கூடாது.

செவ்வாய் 11.40க்கு அச்சக மேனேஜர் அதைப் பார்த்தார்.

“என்னக்கா இது, கீழ இம்புட்டுப் பெருசா? லாரி நம்பர் பிளேட்டு மாதிரி இருக்கு.”

“நம்பர் பிளேட்ட யாரும் மூணு கோட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிறதில்ல சார்.”

“போன் வச்சிருக்கவுகளுக்கு மூணு கோடு தெரியாமலா இருக்கும்?”

“எனக்குத் தெரியும். நான் வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கலையே.”

வாழ்த்துரை எழுதியவர்கள் வருத்தப்படுவார்கள் என்றார். தீப்பட்டவள் அதைவிட வருத்தப்படுவாள் என்றேன். அவருடைய குரல் ஏறியது.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் பாக்கயில பழைய மாதிரி இருக்கணும். இல்லைன்னா ஒங்க சீட்டுல வேற ஆளு இருக்கும்.”

“நான் மாத்த மாட்டேன். நாளைக்கு ஏழு மணிக்கு எங்க தெருவுக்கு வாங்க. வேன் ஏறுதவ கையில கொடுத்துப் பாப்போம். அவ எடுக்கலைன்னா நானே அழிச்சிருதேன்.”

“வேன் நிக்கிற தெருவுக்கு நான் வரணுமாக்கும்!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரை வரை பதினைந்து பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தேன். பழைய வடிவத்தைத் திறக்கவில்லை. என் மேசையில் இருந்த அடிக்கோலையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை போய்விட்டால், அவற்றை எடுப்பதற்காக மட்டும் திரும்ப வந்து நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 12, புதன். 7.05க்குத் தெருவில் நின்றேன். மேனேஜர் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். சாப்பாட்டுப் பை அதே கையில். கட்டைவிரல் நேராகப் பட்டைக்குப் போனது. நான்கு விநாடி.

“தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணும்” என்று வாய்விட்டுப் படித்தவள் அடுத்த வரியில் நின்றாள். “பற்பசை தடவக் கூடாதா? ஏக்கா, நாங்க எல்லாரும் பேஸ்ட்டுல்ல தடவுதோம்!”

“ஏறுங்க ஏறுங்க, கேட்ட மூடிருவாக” என்றார் வேன் டிரைவர்.

போனை வாங்கிக்கொண்டு, வேன் தெருமுனை திரும்புவதற்குள், நின்ற இடத்திலேயே, பட்டையோடு கையேட்டை வெளியிட்டேன். மணி 7.16. பிறகுதான் வீட்டுக்குள் போய்ப் பல் துலக்கினேன்.